எழுதிக் கொடுத்த பதினாறு கட்டங்கள்

ஓரகத்தியோடு எனக்கு ஒத்துப்போகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் குடும்பத்தில் நினைப்பார்கள். எங்கள் விஷயத்தில் அவர்கள் நினைத்தது சரி. ஐந்து வருடம் ஒன்றை மறைத்தோம்.

அக்கா, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, செல்லோ வாசிப்பவர். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில் போட்டு வாசிக்கும் வாத்தியம். வயலினுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு வருடம் இருந்தார், பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில். அவருக்கு முன்னால் இருந்தவரின் வழுக்கையைத் தவிர வேறெதையும் அந்தக் காலத்தில் பார்த்ததில்லை என்பார். நான் பியானோ. வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறேன். மிச்ச நேரத்தில், எட்டுப் பேர் சேர்ந்து வாசிப்பதற்கென்று அமைந்த பழைய ஜாஸ் பாட்டுகளை, பியானோவும் செல்லோவுமாக இரண்டே பேர் வாசிக்கும்படி மாற்றி எழுதுகிறேன்.

பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறைக்குக் குடிபோகிற வேலை அது. டிரம்ஸை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பேஸ் கிடாரின் நடையை என் இடது கை எடுத்துக்கொள்ளும். சாக்ஸபோன் பாடியது செல்லோவுக்குப் போகும். டிரம்பெட் நடுநடுவே குறுக்கே பேசியதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வலது கைக்குக் கொடுப்பேன். செல்லோ கீழே இறங்கிப் பாடும்போது பியானோ வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஜாஸில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டின் நடுவே ஒரு இடம் வரும். அங்கே ஒருவர் தாளில் இல்லாததை, அந்த நிமிடத்தில் தனக்குத் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அதற்கு சோலோ என்று பெயர். முடிந்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டுவார்கள், அதுதான் வழக்கம்.

அக்காவுக்கு அது வராது. "தாள்ல இல்லாதத எப்படி வாசிக்கறது?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் வராது. நான் எழுதி, அழித்து, எழுந்து போய் டீ போட்டுவிட்டு வந்து மறுபடி அழிக்கிற ரகம். அதனால் முதல் பாட்டுக்கு, அது மெதுவான பாட்டு, தாளில் கோடு போட்டுப் பிரித்த பதினாறு கட்டங்களுக்கு, அந்த சோலோவையும் நானே எழுதிக் கொடுத்தேன். பதினோரு நாள் பிடித்தது. எழுதியது என்று தெரியக் கூடாதென்று பதிமூன்றாவது கட்டத்தில் ஒரு தடுக்கல் கூட வைத்தேன். வில் பக்கத்து ஸ்வரத்தில் இடறி, உடனே சமாளித்துக்கொண்டு சரியான ஸ்வரத்துக்கு வரும்.

அத்தனை கெட்டிக்காரத்தனமும் பண்ணிவிட்டு, ஒரு கத்துக்குட்டி செய்கிற தப்பையும் செய்தேன். பக்கம் திருப்ப வேண்டிய இடம் அந்தப் பதினாறு கட்டங்களுக்கு நட்டநடுவில் வந்துவிட்டது. செல்லோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், தாளைத் திருப்ப மூன்றாவது கையா இருக்கிறது? கச்சேரிக்கு மூன்று நாள்தான் பாக்கி. மறுபடி எழுத நேரமில்லை. "விடு, மனப்பாடம் பண்ணிக்கறேன்," என்றார் அக்கா. பண்ணிக்கொண்டார்.

நூலகத்தின் பின்பக்கம் இருக்கும் சின்ன அரங்கு. அறுபது நாற்காலி. அந்த இடம் வந்ததும் அக்கா தாளிலிருந்து பார்வையை எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், பதினாறு கட்டங்களையும் பிசகாமல் வாசித்தார். அவருக்கு அது பரீட்சை எழுதுகிற முகம். பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நன்றி சொல்ல மேடைக்கு வந்த நூலகப் பொறுப்பாளர், அந்த சோலோ நம் கண்ணெதிரே பிறந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தோம் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பொய் சொன்னோம் என்று யாரும் எங்களைக் கைகாட்ட முடியாது. நாங்கள் எதையும் சொல்லவே இல்லை. ஆனால் அடுத்த பாட்டை எழுதும்போது, பக்கம் திருப்புகிற இடத்தை வேண்டுமென்றே சோலோவுக்குள் வைத்தேன். அதற்கடுத்த பாட்டிலும் அப்படியே. ஐந்து வருடத்தில் ஆறு பாட்டு சேர்ந்தது. எங்கே போனாலும் அக்காவின் சோலோவைப் பற்றித்தான் பேச்சு. ஒரு இசைப் பள்ளியிலிருந்து வந்து, சோலோ வாசிக்க வாரம் ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முட்டி வலி என்று சொல்லி அக்கா அனுப்பிவிட்டார். மூளையில் செய்கிற வேலைக்கு முட்டி எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை.

எங்கள் கச்சேரி எதையும் தவறவிடாத ஒரு பல் டாக்டர் இருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, எங்கே சொத்தை என்று பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். ஒரு நாள் வாசிப்பு முடிந்ததும் அக்காவிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மெதுவான பாட்டுல ஒரு இடத்துல லேசா தடுக்கறீங்க. போன தடவையும் அங்கேயேதான் தடுக்கினீங்க. அதுக்கு முந்தின தடவையும்."

"பழக்கதோஷம்," என்றார் அக்கா.

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். காரில் திரும்பும்போது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது, "அவருக்குத் தெரிஞ்சிருக்கு இவளே," என்றார். என்னை அவர் 'இவளே' என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. டாக்டர் விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. இசைப் புத்தகங்கள் போடுகிற ஒரு பதிப்பகம். ஆறு பாட்டையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர விரும்புகிறார்கள். பேசியது பதிப்பாசிரியர், இதமான குரல் உள்ள பெண்.

"சுத்தமா நகல் எடுத்து அனுப்பிடுங்க. சோலோ வர்ற கட்டங்கள்ல மட்டும் சாய்கோடு போட்டு வெறுமையா விட்டுடுங்க, வாங்கறவங்க தோணினத வாசிச்சுக்கட்டும். உங்க அக்கா வாசிக்கறது அவங்களோட போகட்டும், அத அச்சுல பிடிக்க முடியாதில்லையா?"

நான் "சரிங்க" என்றேன். ரொம்ப மரியாதையாக நன்றி கூடச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

நான் எழுதியதிலேயே உருப்படியானது அந்த சோலோக்கள்தான். மற்றதெல்லாம் இன்னொருவர் போட்ட மெட்டை நான் மடித்து வைத்தது. சோலோ மட்டும் என் சொந்தம். புத்தகத்தில் அவை இல்லாமல் போனால், நாங்கள் இரண்டு பேரும் வாசிப்பதை நிறுத்துகிற அன்றைக்கு அவையும் போய்விடும். போட்டாலோ, ஐந்து வருடமாக அக்கா வாங்கிய கைதட்டல் எல்லாம் கேள்விக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருடம் யாரும் முகம் பார்க்காத வரிசையில் உட்கார்ந்திருந்தவர். ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்த பெயர். அதை நான் எந்த முகத்தோடு போய்ப் பிடுங்குவது? ஆனால் எனக்குக் கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவாகவே வந்து, "இது நீ எழுதினதுன்னு போட்டுடு," என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். தொகுப்பு வரப்போகிறது என்று சொன்னேன், சந்தோஷப்பட்டார். சாய்கோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லாததை அவர் எப்படிக் கேட்பார் என்ற நியாயமெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் உம்மென்று இருந்துகொண்டு நகல் எடுத்தேன். ஒவ்வொரு சாய்கோட்டையும் அளவுகோல் வைத்து அழுத்தமாகப் போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா ஒத்திகைக்கு வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி செல்லோவை முதுகில் சுமந்துகொண்டு ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார். நகல் பியானோ மேல் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வரும்போது செல்லோ பகுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"சாய்கோடு."

"அது தெரியுது. என் தாள்ல எதுக்கு?"

"பதிப்பாசிரியர் அப்படித்தான் கேட்டாங்க. நீங்க வாசிக்கறத அச்சுல பிடிக்க முடியாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஆறு பாட்டிலும் அந்த இடங்களைப் பார்த்தார். தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணல?"

"உங்க பேருக்காகத்தான்க்கா விட்டேன்."

"எனக்காகவா?" என்றார். "சரி. எனக்காகன்னே வச்சுப்போம். இத்தன வருஷமா நீ ஏன் வாயத் திறக்கல? அதுவும் எனக்காகவா?"

"ஆமா."

"பொய் சொல்லாத. எனக்குக் கைதட்டறப்ப நீ தலையக் குனிஞ்சுகிட்டு சிரிப்ப. வாசிக்கும்போது கண்ண மூடிட்டு இருந்தாலும், முடிஞ்சதும் திறக்கத்தானே செய்யறேன்?"

அது உண்மை. இது எழுதியது என்று அறுபது பேரில் ஒருத்தருக்குக் கூடத் தெரியவில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. தெரிந்துவிட்டால், "ஓ, எழுதி வச்சதா," என்று அவர்கள் காதில் அதன் மதிப்பு இறங்கிவிடும். அந்தக் கைதட்டலில் பாதி எனக்கு என்று நான் எனக்குள்ளேயே பங்கு பிரித்து வைத்திருந்தேன். அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்ததெல்லாம் அதற்குமேல் போட்ட போர்வை.

"ஆமாக்கா," என்றேன். "எனக்கு அது பிடிச்சிருந்தது."

அக்கா தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார்.

"இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க எழுதினதத்தான் வாசிச்சேன். அதுல எனக்கு ஒரு நாளும் வெக்கமே இல்ல. இந்த அஞ்சு வருஷமாத்தான் வெக்கமா இருக்கு. அவங்க தட்டத் தட்ட, உன் தட்டுல இருந்து எடுத்து சாப்பிடற மாதிரி இருக்கு. சொந்தமா வருதான்னும் பாத்தேன். அவர் வேலைக்குப் போனதும் கதவச் சாத்திட்டு தினம் ஒரு மணி நேரம் உக்காந்தேன். ஆறு மாசம்."

"வந்துதா?"

"எங்க ஆரம்பிச்சாலும் நீ எழுதினதுலதான் போய் முடியுது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் இல்லை. நான் பியானோ மூடியைத் திறந்தேன், மூடினேன். அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு பெரிய பாராட்டு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, அதற்குப் பின்னும் கிடைக்கவில்லை.

"எல்லாத்தையும் திரும்ப எழுது," என்றார். "ஸ்வரத்தோட. பக்கத்தையும் ஒழுங்கா பிரி. வாங்கி வாசிக்கறவங்களாவது நிம்மதியா பாத்து வாசிக்கட்டும்."

அன்று ஒத்திகை நடக்கவில்லை. இரண்டு பேரும் தரையில் தாளைப் பரப்பி, எந்தப் பக்கம் எங்கே முடிய வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தோம். மத்தியானம் பதிப்பாசிரியருக்கு நானே போன் செய்து சொன்னேன். "உங்க அக்காவோட சோலோங்கறதுதானே இதுல விசேஷம்னு நெனச்சோம்," என்றார், பிறகு "சரி, அனுப்புங்க, பாக்கறேன்," என்றார். நான்கு நாள் கழித்து, போடுகிறோம் என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. பழைய இதமெல்லாம் அதில் இல்லை.

புத்தகம் வருவதற்கு முன்னால் நூலக அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கச்சேரி. மேடையிலேயே சொல்லிவிடப் போகிறேன் என்றார் அக்கா.

"புத்தகத்துலதான் வருதே அக்கா. தெரிஞ்சுக்கறவங்க தெரிஞ்சுக்கட்டும். மேடைல வேற எதுக்கு?"

"அவங்க காசு குடுத்து வாங்கி, பிரிச்சுப் பாத்து, ஓ இப்படியான்னு தெரிஞ்சுக்கணுமா? கைதட்டல வாங்கினது இந்த மூஞ்சி. இதுதான் சொல்லணும்."

எனக்குப் பயமாக இருந்தது. அக்காவுக்காகவும் பயந்தேன், எனக்காகவும் பயந்தேன்.

நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் பாட்டு, அந்த மெதுவான பாட்டுதான். அக்கா வில்லைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார். அவர் மேடையில் பேசி நான் பார்த்ததில்லை. குழுவில் இருந்த காலத்தில் பின்வரிசைக்காரர்களை யாரும் பேசச் சொன்னதில்லை.

"ஒரு விஷயம் சொல்லிட்டு வாசிக்கறேன். இதுல நடுவுல நான் தனியா வாசிக்கறது என் மனசுல தோணினது இல்ல. முழுக்க இவ எழுதினது." வில்லால் என்னைக் காட்டினார். "ஒவ்வொரு ஸ்வரமும். மத்த பாட்டுலயும் அப்படித்தான். நீங்க வேற மாதிரி நெனச்சுட்டீங்க, நாங்களும் சும்மா இருந்துட்டோம். அது தப்பு. இப்ப வாசிக்கறோம்."

உட்கார்ந்துவிட்டார். அரங்கில் யாரோ இருமினார்கள். பல் டாக்டர் முன்வரிசையில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், ரொம்ப நாளாக அரித்த ஒரு கணக்குக்கு விடை கிடைத்த முகம். மற்றவர்கள் முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். ஆரம்பித்தேன்.

மெட்டு முடிந்து சோலோ வந்தது. அக்கா கண்ணை மூடவில்லை. தாளைப் பார்த்து வாசித்தார், குழுவில் இத்தனை வருடம் வாசித்தது போலவே. எனக்கு என் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, இது இவ்வளவு நன்றாகவா இருந்தது என்று. பதினாறாவது கட்டம் முடிந்தது. அக்கா வில்லை எடுத்தார்.

யாரும் கைதட்டவில்லை.

அவர்கள் மேல் தப்பில்லை. தாளில் இருப்பதை வாசிக்கிறவருக்கு யாரும் பாட்டின் நடுவே கைதட்டுவதில்லை. ஆனால் ஐந்து வருடமாக அந்த இடத்தில் கேட்ட சத்தம் இல்லாமல் போனதும், இல்லாத படியில் கால் வைத்தது போல எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றது. அக்காவிடமிருந்து அதை எடுத்துவிட்டோம் என்று தோன்றியது. கை மட்டும் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போயிற்று.

சோலோ முடிந்தபின், செல்லோ மறுபடி வருவதற்கு முன்னால், பியானோவுக்கு மட்டும் நான்கு கட்டம் இருக்கிறது. செல்லோ அவ்வளவு நேரம் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒருத்தி பதில் சொல்வது போல நான் எழுதியது. ஒத்திகையில் அதை நான் வாசிப்பதே இல்லை. "என் பகுதிதானே, நாலு எண்ணிட்டு வாங்க," என்று தாண்டிவிடுவேன். கச்சேரியிலோ அது முழுக்கக் கைதட்டலுக்கு அடியில் போய்விடும். அது எப்படி ஒலிக்கும் என்பது எழுதிய எனக்கே மறந்துபோயிருந்தது. இப்போது சத்தமில்லாத அரங்கில் அது ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்டது. இரண்டாவது கட்டத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் அக்கா ஜனங்களைப் பார்த்துத் தலைகுனிந்துகொண்டிருப்பார். இன்று வில்லை மடியில் வைத்துக்கொண்டு முழுக்க என் பக்கம் திரும்பியிருந்தார். அவர் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்ததில், மறுபடி வாசிக்க வேண்டிய இடத்துக்குக் கால் நொடி தாமதமாகத்தான் வந்தார். இந்த ஐந்து வருடத்தில் அவர் தாமதமாக வந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேரும் எழுந்து வணங்கினோம். குனிந்திருக்கும்போதே அக்கா என் காதருகில் கேட்டார்.

"அந்த நாலு கட்டம் எப்ப சேத்த?"

"சேக்கலக்கா. முதல் நாள்ல இருந்தே இருக்கு."

அக்கா நிமிரவில்லை. ஜனங்கள் கைதட்டி முடித்த பிறகும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தபடி நின்றார்.